திரும்பி வந்து சொன்னவர்கள்

துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் அக்காவும், அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் தம்பியும் சேர்ந்து ஒரு வலைப்பூ நடத்திவந்தார்கள். அதற்கு 'ஓசை சொல்லுங்கள்' என்று பெயர். அக்காவுக்கு எழுத்து வராது. தம்பிக்கு ஸ்குரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. ஆகவே அக்கா வேலை செய்துகொண்டே சொல்வார், தம்பி அருகில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார். இருவருக்கும் நாற்பது கடந்துவிட்டது. ஆனாலும் பேச்சில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டவில்லை.

பழுதான இயந்திரம் வைத்திருப்பவர்கள் அந்த வலைப்பூவுக்கு வந்து, தங்கள் இயந்திரம் என்ன ஓசை எழுப்புகிறது என்று கருத்துப் பெட்டியில் எழுதுவார்கள். ஒருவர் 'கடகட' என்பார். மற்றொருவர் 'கடகட இல்லை, கடக், கடக்' என்பார். தம்பிக்கு இரண்டும் ஒன்றுதான். அக்காவுக்கோ இடையில் மலையளவு வேறுபாடு. முன்னது கால் மட்டம் சரியில்லாத இயந்திரம், பின்னது உள்ளே பொத்தானோ நாணயமோ சிக்கிக்கொண்ட இயந்திரம். அக்கா சொல்லும் வைத்தியத்தைத் தம்பி நல்ல தமிழில் பதிலாக எழுதுவார்.

இதில் ஒரே ஒரு மனக்குறை இருந்தது. வைத்தியம் கேட்டவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

“சரியாச்சா, ஆகலையான்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்?” என்று அக்கா அடிக்கடி கேட்பார். அவருக்குப் புகழ் வேண்டாம். தாம் காதால் கணித்தது சரிதானா என்று தெரிய வேண்டும். அது தெரியாதவரை அவர் மனம் மூடி போடாத பாத்திரம்போலக் கிடக்கும்.

அக்காவின் அந்தக் குறையைத் தீர்க்கத்தான் தம்பி ஒரு பரிசை ஏற்படுத்தினார்.

தேடுபொறி என்பது ஊருக்குப் புதிதாக வந்த மனிதரைப் போன்றது. எந்தக் கடை நல்ல கடை என்று அதற்குத் தானாகத் தெரியாது. யார் யாரைச் சுட்டிக்காட்டுகிறார்கள் என்று கவனித்து, பலர் சுட்டும் கடையைத் தன் பட்டியலில் மேலே வைக்கும். ஒரு வலைத்தளம் இன்னொன்றுக்குத் தரும் இணைப்பே அந்தச் சுட்டுவிரல். ஆனால் கருத்து எழுதுபவர்கள் தங்கள் பெயரோடு சேர்த்துவிடும் இணைப்புகளை, 'இதைக் கணக்கில் கொள்ள வேண்டாம்' என்ற குறிப்போடுதான் வலைப்பூக்கள் பொதுவாக வெளியிடும். அந்தக் குறிப்பு வாசகர் கண்ணுக்குப் படாது. தேடுபொறிக்கு மட்டும் படும்.

திரும்பி வந்து முடிவைச் சொல்பவர்களுக்கு மட்டும் தம்பி அந்தக் குறிப்பை எடுத்துவிட்டார். வலைப்பூவின் உச்சியில் விதியையும் எழுதி வைத்தார்: 'உங்கள் வீட்டு இயந்திரத்தின் ஓசையைச் சொல்லுங்கள். சரியான பிறகோ, சரியாகாத பிறகோ, திரும்பி வந்து முடிவைச் சொல்லுங்கள். அப்படிச் சொல்பவரின் தளத்தைத் தேடுபொறிக்கு நாங்கள் மனமாரச் சுட்டிக்காட்டுவோம்.'

பரிசு பலித்தது. கணக்குப் பாடம் சொல்லித்தருபவர் ஒருவர் திரும்பி வந்து, பம்பில் இருந்து கொண்டை ஊசி கிடைத்ததாகச் சொன்னார். அவருடைய தளம் மேலே ஏறியது. காலணி தைப்பவர், பூனைகளுக்கு மருந்து விற்பவர், பழைய நாற்காலிகளுக்கு மெத்தை போடுபவர் என்று சிறு தொழில்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அக்காவின் கணிப்பு பத்தில் ஒன்பது முறை சரியாக இருந்தது. பத்தாவது முறை தவறாக இருந்தபோது அதையும் சொன்னார்கள். அத்தனை விவரமான உரையாடல் நடக்கும் இடம் என்று கண்ட தேடுபொறி, இவர்களுடைய வலைப்பூவையும் முதல் பக்கத்தில் வைத்தது. அதுவரை ஒரு பெரிய பழுதுபார்ப்பு நிறுவனத்தில் பிறர் சொன்ன வீட்டுக்குப் பிறர் சொன்ன நேரத்தில் போய்க்கொண்டிருந்த அக்கா, வேலையை விட்டுவிட்டு இரண்டு அறைகளில் சொந்தப் பட்டறை வைத்ததும் அந்தத் தைரியத்தில்தான்.

ஒரு மரம், தன் நிழலில் இளைப்பாறிப் பாடிவிட்டுப் போகும் பறவைக்கெல்லாம் ஒரு பழம் தருவதென்று முடிவு செய்ததாம். முதல் மாதம் குயில்கள் வந்தன. இரண்டாம் மாதம் காக்கைகள் வந்து, நாங்களும் பாடுவோம் என்றன. மூன்றாம் மாதம் தவளைகள் கிளையேறி உட்கார்ந்திருந்தன. மரமோ தன் புகழ் குளம்வரை எட்டிவிட்டதே என்று பூரித்துப் போயிற்றாம்.

தம்பியும் அப்படித்தான் பூரித்துப் போனார். 'கருத்து எழுதினால் இணைப்பு தரும் நூறு வலைப்பூக்கள்' என்று யாரோ எங்கோ ஒரு பட்டியல் போட்டு, அதில் இவர்களையும் சேர்த்துவிட்டது அவருக்குத் தெரியாது. பல் வெண்மையாக்குபவர்கள், கூரை ஓடு விற்பவர்கள், வழுக்கையில் முடி முளைக்கவைப்பவர்கள் எல்லாரும் வந்தார்கள். திங்கட்கிழமை ஓசை சொன்னார்கள். வியாழக்கிழமை திரும்பி வந்து குணமாகிவிட்டது என்றார்கள்.

“அறுநூறு மெஷின் சரியாயிருக்குக்கா,” என்று தம்பி ஒருநாள் சொன்னார். “எல்லாம் உன் கைராசி.”

“அறுநூறு பேர்ல ஒருத்தன்கூட என்னைத் திட்டலையா?”

“ஒருத்தரும் இல்ல.”

“அப்ப எங்கயோ இடிக்குதுடா,” என்றார் அக்கா.

இடித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பட்டறைத் தொலைபேசி ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. புதன்கிழமையும் ஒலிக்கவில்லை. பத்து நாள் கழித்து அக்காவே தேடுபொறியில் தம் பட்டறையைத் தேடிப் பார்த்தார். முதல் பக்கத்திலும் இல்லை, பத்தாம் பக்கத்திலும் இல்லை. தம்பி பதறியடித்துக்கொண்டு வலைப்பூவின் நிர்வாகப் பக்கத்துக்குள் போனார். அங்கே தேடுபொறி நிறுவனத்தின் கடிதம் ஒன்று, திறந்து பார்க்கப்படாமல் காத்துக்கொண்டிருந்தது. 'உங்கள் தளத்திலிருந்து இயல்புக்கு மாறான இணைப்புகள் செல்கின்றன. தகுதியற்றவற்றை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று விளக்கி எழுதுங்கள். அதுவரை உங்கள் தளம் தேடலில் காட்டப்படாது.' விளக்கம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டால் மறுமுறை பரிசீலிக்கப் பல மாதங்கள் ஆகலாம் என்றும் அதில் இருந்தது.

அக்காவின் பழைய மேலாளர் இதற்கிடையில் ஒருமுறை பேசியிருந்தார். இடம் காலியாக இருக்கிறது, மாத முடிவுக்குள் வருவதானால் வரலாம், அதன்பின் வேறு ஆள் எடுத்துவிடுவோம் என்று இனிமையாகச் சொல்லியிருந்தார். மாத முடிவுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

“எல்லா இணைப்பையும் ஒரேயடியா எடுக்க முடியாதா?” என்று அக்கா கேட்டார்.

“முடியும். ஒரே ஒரு கட்டத்துல டிக் போட்டா போதும்.”

“அப்புறம் என்னத்துக்கு ஆந்தை மாதிரி முழிச்சிட்டு உக்காந்திருக்க? போடு.”

தம்பி டிக் போடவில்லை. கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

“முதல்ல வந்தவங்க நிஜமா வந்தாங்கக்கா. வாக்குக் கொடுத்துக் கூப்பிட்டோம். அந்தக் காலணிக்காரர் மூணு தடவை திரும்பி வந்து சொன்னாரு. இப்ப தவளை ஏறிடுச்சுன்னு குயிலையும் சேர்த்து விரட்டினா எப்படி?”

“எந்தத் தவளை?”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

அக்கா ஒரு பெருமூச்சு விட்டார். “சரி. நீ படி, நான் கேக்கறேன். எவன் வீட்ல நிஜமா மெஷின் இருக்கு, எவன் வீட்ல இல்லன்னு சத்தத்த வச்சே சொல்லிடறேன்.”

மறுநாள் முதல் மாலை ஐந்து மணிக்கு அச்சகத்திலிருந்து நேரே பட்டறைக்கு வருவது தம்பிக்கு வழக்கமாயிற்று. பட்டறையில் சோப்பு மணமும் கிரீஸ் மணமும் கலந்து நிற்கும். முதுகுத் தகடு கழற்றப்பட்ட இயந்திரங்கள் சுவரைப் பார்த்து வரிசையாக நிற்கும். ஜன்னலோரம் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையில் பம்புகளிலிருந்து எடுத்த பொத்தான், ஊசி, ஒற்றைத் தோடு, பொம்மைக் காரின் சக்கரம் எல்லாம் கிடக்கும். அக்கா தரையில் அமர்ந்து வேலை பார்க்க, தம்பி முக்காலியிலிருந்து படிப்பார்.

“'தண்ணீர் நிரம்பும் வேளையில் கடகடவெனப் பேரொலி எழுகிறது. தங்கள் ஆலோசனைப்படி பெல்ட்டை மாற்றினேன்; அமைதி திரும்பியது. நன்றி.' பல் வெண்மை பண்றவங்க.”

“இல்ல.”

“யோசிக்காமலே சொல்றியே.”

“தண்ணி நிரம்பும்போது டிரம் சுத்தவே சுத்தாதுடா. சுத்தாத சாமான் எப்படிக் கடகடங்கும்? அடுத்தது.”

“எவ்வளவு அழகா எழுதியிருக்கான். அரைப்புள்ளிகூடச் சரியான இடத்துல வச்சிருக்கான்.”

“அரைப்புள்ளி வச்சவனுக்கு மெஷின் வைக்கத் தெரியல. அடுத்ததப் படி.”

“'மெஷின் நேத்து ஸ்பின்ல நடந்து போய் பாத்ரூம் கதவ அடச்சிருச்சு உள்ள எங்க மாமியார் இருந்தாங்க.' அவ்வளவுதான். ஒரு முற்றுப்புள்ளிகூட இல்ல.”

அக்கா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “உண்டு. மெஷின் நடக்கறதக் கண்ணால பாத்தவங்கதான் அப்படி எழுத முடியும். அந்தம்மா வெளிய வந்தாங்களா?”

“திரும்பி வந்து சொல்லியிருக்காங்க. காலை மட்டம் பாத்து வச்சதும் நடக்கறது நின்னுடுச்சாம். மாமியாரைப் பத்தி ஒண்ணும் சொல்லல.”

“உண்டு, உண்டு. எழுதிக்க.”

இப்படியே பதினாறு மாலைப் பொழுதுகள் போயின. தம்பி உள்ளம் உருகிப் பாராட்டிய கருத்துகளெல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அச்சுப்பிழையைக் கண்டுபிடித்தே பிழைத்தவர், பிழையே இல்லாதவர்களிடம் இப்படி ஏமாந்தோமே என்று உள்ளுக்குள் நொந்துகொண்டார். பெல்ட்டே இல்லாத ரகத்துக்குப் பெல்ட் மாற்றியவர்கள் மட்டும் முப்பத்தெட்டுப் பேர். அறுநூற்றுச் சொச்சம் பேரில் கடைசியில் 'உண்டு' என்று நின்றவர்கள் நாற்பத்தொருவர்.

நாற்பத்திரண்டாவதாக ஒருவரைத் தம்பி கடைசிவரை ஒதுக்கி வைத்திருந்தார். 'மூன்றாம் மாடி' என்ற புனைபெயரில் எழுதும் அந்த மனிதர், முதல் மாதத்திலிருந்தே வருபவர். ஓசையை அவரைப்போலச் சொன்னவர் எவருமில்லை. 'கிணற்றுச் சுவரில் வாளி இடிப்பதுபோல' என்று எழுதுவார். 'கோபமாகப் பேச வந்து, சொல்ல மறந்து நிற்பவர் தொண்டை செருமுவதுபோல' என்று எழுதுவார். தவறாமல் திரும்பி வந்து முடிவையும் சொல்வார். தம்பிக்கு அவர்மேல், முகம் பார்க்காமலே ஒரு நேசம்.

அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“சத்தமெல்லாம் நிஜம்டா. ஒண்ணுல கூடப் பொய் இல்ல.”

“அப்ப உண்டுதானே?”

“எத்தனை மெஷின் எண்ணிப் பாத்தியா? ரெண்டு வருஷத்துல பதினொண்ணு. முன்பக்கம் கதவு வச்சது, மேல மூடி வச்சது, பழசு, புதுசு. ஒரு வீட்ல பதினோரு மெஷினா? என்ன, ஊர் அழுக்கையெல்லாம் அவர்தான் வெளுக்கறாரா? விஷயம் தெரிஞ்ச எவனோ உக்காந்து எழுதறான். இணைப்பு எங்க போகுது பாரு.”

இணைப்பு, இருட்டுத் திரை தைத்து விற்கும் தளம் ஒன்றுக்குப் போயிற்று. வெயில் உள்ளே புகாத தடித்த ஜன்னல் திரைகள்.

“பாத்தியா? வியாபாரம்,” என்றார் அக்கா.

தம்பிக்கு அவரை நீக்க மனம் வரவில்லை. சந்தேகத்துக்கு இடமான ஓர் இணைப்பு போதும், விளக்கம் முழுவதும் நிராகரிக்கப்பட. மாத முடிவுக்கு ஆறு நாள்தான் இருந்தது. அன்றே அந்தத் தளத்துக்குப் பட்டறையின் நிலைமையை விளக்கிக் கடிதம் எழுதி, இயந்திரங்களைப் பார்க்க வரலாமா என்று கேட்டார். பதில் அந்த மனிதரிடமிருந்து வரவில்லை. அவர் மனைவியிடமிருந்து வந்தது. 'காலை ஏழு மணிக்கு வந்தால் பேசலாம். எட்டு மணிக்கு மேல் அவர் தூங்கிவிடுவார்.'

“காலைல எட்டு மணிக்குத் தூங்கற மனுஷனா?” என்றார் அக்கா. “போய்த்தான் பாப்போம்.” போகும்போது, பழக்கதோஷத்தில் கருவிப் பையையும் தோளில் மாட்டிக்கொண்டார்.

அது ஐந்து மாடிக் குடியிருப்பு. மாடிப்படியின் சுவரையொட்டித் தண்ணீர்க் குழாய்கள் கீழிருந்து மேலே ஓடின. மூன்றாம் மாடியில் கதவைத் திறந்தவர் ஓர் ஒல்லியான மனிதர். புருவத்திலும் காதோரத்திலும் வெள்ளையாக மாவு படிந்திருந்தது. ரொட்டி சுடும் ஆலையில் இரவு வேலை, அப்போதுதான் திரும்பியிருந்தார். முன்னறை சிறியது. பாதியை ஒரு தையல் மேசை அடைத்திருந்தது. அதன் பின்னால் அவருடைய மனைவி கருநீலத் துணியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். உள் அறையின் ஜன்னலில் தொங்கிய திரைக்குள் ஒரு கீற்று வெயிலும் நுழையவில்லை.

“வாங்க, வாங்க. உங்க பதிலையெல்லாம் வரி விடாமப் படிச்சிருக்கேன்,” என்றார் ரொட்டிக்காரர். “சத்தம் கேக்கற அம்மா நீங்கதானா?”

“நான்தான். மெஷின்லாம் எங்க?”

“மெஷினா? எங்ககிட்ட மெஷின் ஏதும்மா. அதோ வாளி இருக்கு.”

தம்பி போய் எட்டிப் பார்த்தார். குளியலறையில் உண்மையிலேயே ஒரு நீல வாளியும், கட்டையாகத் தேய்ந்த ஒரு தூரிகையும்தான் இருந்தன. அக்கா தம்பியைப் பார்த்த பார்வையில் 'நான் சொன்னேனா இல்லையா' என்பது முழு வாக்கியமாக எழுதியிருந்தது.

“அப்ப அந்தப் பதினொண்ணு?” என்று தம்பி கேட்டார்.

ரொட்டிக்காரர் சற்று நாணத்தோடு அவர்களை உள் அறைக்கு அழைத்துப் போனார். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் கையை வைத்தார்.

“நான் பகல்ல தூங்கறவன். ஊர்ல எல்லாரும் துணி துவைக்கறதும் பகல்லதான். இந்தக் குழாய் வழியா எல்லா வீட்டு மெஷினும் என் தலைமாட்டுக்கு வந்துடும். இந்தப் பக்கம் பஸ் டிரைவர் வீடு, ஒன்பதரைக்கு ஆரம்பிப்பாங்க. மேல டீச்சரம்மா, சனிக்கிழமை மட்டும். கீழ ரெட்டைக் குழந்தைக்காரங்க, அவங்களுக்கு நேரம் காலமே கிடையாது. நல்ல மெஷின்னா பரவாயில்லம்மா, தாலாட்டு மாதிரி இருக்கும். கோளாறான மெஷின்தான் ஆளைக் கொல்லும்.”

“போய் ஒரு சத்தம் போட்டிருக்கலாமே?” என்றார் அக்கா.

“முதல்ல ஒரு வீட்ல போட்டேன். ஆறு மாசம் முகத்தத் திருப்பிட்டுப் போனாங்க. மெஷின் நிக்கல, பேச்சுதான் நின்னது. அப்புறம்தான் உங்க வலைப்பூவப் பாத்தேன். என்ன கோளாறுன்னு நீங்க சொல்றத ஒரு காகிதத்துல எழுதி, கதவுக்குக் கீழ தள்ளிட்டு வந்துடுவேன். 'உங்க மெஷின்ல பம்புக்குள்ள ஏதோ சிக்கியிருக்கு, முன்னாடி கீழ் மூடியத் திறந்து பாருங்க'ன்னு. பாப்பாங்க, இருக்கும். கோளாறச் சொன்னா கோபம் வரல பாருங்க, சத்தத்தச் சொன்னாத்தான் வருது.”

தையல் மேசையிலிருந்து மனைவி சொன்னார்: “இப்ப டிரைவர் வீட்டுக்காரங்க இவர் தூங்கற நேரம் கேட்டுட்டுத்தான் மெஷினே போடறாங்க.”

“அதெல்லாம் சரி,” என்றார் தம்பி, கூச்சத்தோடு. “ஆனா 'எங்கள் வீட்டு இயந்திரம்'னு எழுதியிருந்தீங்களே.”

“உங்க விதியில அப்படித்தானே இருந்தது? உங்கள் வீட்டு இயந்திரம்னு. அடுத்த வீட்டு மெஷின்னு எழுதினா, ஒட்டுக்கேக்கறவன்னு நினைச்சுப் பதில் சொல்லாம விட்டுடுவீங்களோன்னு பயந்துட்டேன்.”

“பொய் எழுதாதீங்கன்னு நான் அப்பவே தலையால அடிச்சிக்கிட்டேன்,” என்றார் மனைவி. “கேட்டாத்தானே.”

ரொட்டிக்காரர் தாமே சொன்னார்: “பொய்தான். இணைப்ப எடுத்துடுங்க. அதுதான் முறை.”

கத்தரிக்கோல் நின்றது. மனைவி துணியை மடித்து ஓரமாக வைத்தார். கெஞ்சும் குரலில் அல்ல, தகவல் சொல்லும் குரலில் பேசினார்.

“அந்த இணைப்பு வந்த பிறகுதான் எங்க தளம் ஆளுங்க கண்ணுல பட்டுது. முதல்ல ஒரு நர்ஸம்மா வாங்கினாங்க. அப்புறம் காவலாளிங்க, ரயில்ல வேலை பாக்கறவங்க. எல்லாம் இவர் மாதிரி பகல்ல தூங்கறவங்க. எடுத்தா மறுபடி யார் கண்ணுலயும் பட மாட்டோம். ஆனா உங்க பட்டறை அதைவிடப் பெருசு. உங்களுக்கு எது நல்லதோ செய்யுங்க.”

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சுவருக்குள்ளிருந்து ஓர் ஓசை கிளம்பியது. முதலில் யாரோ பெட்டியை இழுப்பதுபோல. பிறகு அந்தப் பெட்டி தானே எழுந்து குதிப்பதுபோல. தலைமாட்டில் வைத்திருந்த தண்ணீர்க் குவளை நடுங்கியது.

“இது எது?” என்றார் அக்கா.

“பன்னிரண்டாவது. இரண்டாம் மாடி. எப்படி எழுதறதுன்னே தெரியல, அதான் இன்னும் உங்களுக்கு அனுப்பல. பூட்டி வச்ச குதிரை மாதிரி இருக்கு. தூங்கி ஒரு வாரமாச்சு.”

அக்கா சுவரில் காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். வெளியே உலகமே இடிந்தாலும் அவருக்குத் தெரியாது என்பதுபோல அரை நிமிடம் நின்றார்.

“புது மெஷினா?”

“போன வாரம்தான் வந்து இறக்கினாங்க.”

“பூட்டி வச்ச குதிரையேதான். லாரியில வரும்போது டிரம் ஆடாம இருக்கப் பின்னாடி நாலு போல்ட் போட்டிருப்பாங்க. அதக் கழட்டாமலே ஓட்டறாங்க. இன்னும் நாலு தடவை போட்டா மெஷினே நாசம்.” கருவிப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர், திரும்பித் தம்பியைப் பார்த்தார். “நீ அந்தக் கடிதத்த எழுதி வை. வந்து கேக்கறேன்.”

“இவரைப் பத்தி என்ன எழுத?”

“உண்மையத்தான்.”

தம்பி தையல் மேசையின் ஒரு மூலையில் மடிக்கணினியை வைத்து எழுதத் தொடங்கினார். நாற்பத்தொரு பேரைப் பற்றி எழுதுவது எளிதாக இருந்தது. நாற்பத்திரண்டாமவரிடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. 'அவர் வீட்டு இயந்திரங்கள்' என்று எழுதினால் யாரும் வந்து எண்ணிப் பார்க்கப்போவதில்லை. வீட்டில் இயந்திரமே இல்லை என்று எழுதினால், அந்த ஒரு வரிக்காக அத்தனையும் தள்ளுபடியாகலாம். அக்கா முதல் தேதி பழைய மேலாளரின் முன்னால் போய் நிற்கவேண்டி வரலாம். பிழை என்று தெரிந்த ஒன்றைத் தாண்டிப் போக அவர் கை இருபது வருடமாகப் பழகியதில்லை. ஆனால் இது வெறும் காகிதமா? கூடப் பிறந்தவளின் பட்டறை. எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார்.

கீழே இயந்திரம் நின்றது. சற்று நேரத்தில் மறுபடி ஓடத் தொடங்கியது. இம்முறை சுவருக்குள்ளிருந்து மெல்லிய முனகல் மட்டுமே வந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரொட்டிக்காரர், “அட,” என்றார். தம்பி நிமிர்ந்து பார்த்தபோது அவர் தலை மார்பில் சாய்ந்திருந்தது. முகத்திலிருந்த மாவைக்கூடக் கழுவாமல் தூங்கிவிட்டார். மனைவி உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, தைத்து முடித்த திரை ஒன்றை எடுத்து அவர்மேல் போர்த்தினார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நிலைமையைப் பார்த்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றி, குரலைத் தாழ்த்தினார்.

“படி.”

தம்பி காதோடு காதாகப் படித்தார்: “'நாற்பத்திரண்டாமவர் வீட்டில் துவைக்கும் இயந்திரம் இல்லை. அவர் இரவில் உழைத்துப் பகலில் உறங்குபவர். தம் உறக்கத்தைக் கெடுத்த அண்டை வீட்டு இயந்திரங்கள் பதினொன்றின் ஓசையை எங்களிடம் சொன்னார். நாங்கள் சொன்ன தீர்வை அந்த வீடுகளில் சேர்த்தார். அவை குணமான செய்தியைத் திரும்பி வந்து சொன்னார். அவற்றைத் தம் வீட்டு இயந்திரங்கள் என்று அவர் எழுதியது உண்மையன்று. ஆயினும் அவர் சொன்ன ஓசைகளும் முடிவுகளும் உண்மை. நேரில் சென்று அறிந்தோம். ஆகவே இந்த இணைப்பை வைத்துக்கொள்கிறோம்.'” நிறுத்திவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார். “இந்த ஒரு பத்தியால எல்லாம் போனாலும் போகும்க்கா. இவர எடுத்துட்டு அனுப்பினா நாம தப்பிச்சுக்கலாம்.”

அக்கா தூங்குபவரைப் பார்த்தார். தையல் மேசையைப் பார்த்தார்.

“ரெண்டு வருஷமா நான் கணிச்சதச் சரியா தப்பான்னு ஒவ்வொரு தடவையும் வந்து சொன்ன ஒரே ஆளு. அவரை எடுத்துட்டா அப்புறம் அந்த விதி எதுக்கு? அப்படியே அனுப்பு.”

“பழைய கம்பெனிக்குப் போகவேண்டி வந்தா?”

“போறேன். போய் அவனுங்களுக்கும் வேலை கத்துக்கொடுக்கறேன். இதப் படிக்கறவன் சிரிப்பானா?”

“படிக்கறது மனுஷனா மெஷினான்னே தெரியல.”

“மெஷின்னா நான் பாத்துக்கறேன். அனுப்புடா.”

தம்பி அனுப்பினார். மூவரும் ஓசைப்படாமல் படியிறங்கும் இடம்வரை வந்து, கை கூப்பி விடைபெற்றார்கள்.

மாத முடிவு வந்தது, பதில் வரவில்லை. மேலாளரின் அழைப்புக்கு அக்கா, 'வேறு ஆள் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் ஒரே போல்ட்டை மூன்று தடவை முடுக்கியதைத் தம்பி பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். அந்த வாரத்தில் இரண்டாம் மாடிக்காரர் தம் அலுவலகத்து நண்பர் ஒருவரை அனுப்பினார். பஸ் டிரைவர் வீட்டார் தங்கள் உறவினரின் இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பட்டறையின் விளக்கு அணையாமல் இருக்க அது போதுமானதாக இருந்தது, அதற்குமேல் இல்லை.

கடிதம் அனுப்பிய பத்தொன்பதாம் நாள், அச்சகத்தில் ஒரு பாடநூலின் மெய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தம்பியின் கைபேசி சிணுங்கியது. எந்தக் கதையும் சொல்லாத வறண்ட இரண்டு வரிகள். விளக்கம் ஏற்கப்பட்டது. தளம் மீண்டும் தேடலில் காட்டப்படும். தம்பி அதை மூன்றுமுறை படித்தார், வழக்கம்போல ஒரு பிழையும் விட்டுப்போகக் கூடாதென்று. பிறகு அக்காவை அழைத்தார்.

அக்காவின் குரல் ஏதோ ஓர் இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளிருந்து எதிரொலித்தது. “நாப்பத்திரண்டுமா?”

“நாப்பத்திரண்டும்.”

ஸ்பேனரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சியதுபோலவும் இருந்தது, தூசியாக இருக்கலாம்.

“அந்த மூணாம் மாடிக்காரருக்குச் சொல்லிட்டியா?”

“எப்படிச் சொல்றது? மணி பதினொண்ணுதான் ஆகுது. தூங்கிட்டிருப்பார்.”

“ஆமால்ல,” என்றார் அக்கா, தம்மையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டு. “எழுப்பிடாத. சாயங்காலம் சொல்லலாம்.”